எட்டாம் எண் தகடு

ஒசாகாவின் அந்தக் கூரை போட்ட கடைத்தெருவில் மழைக்காலத்துக் காலை. கண்ணாடிக் கூரை வழியே இறங்கிய வெளிச்சம் குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் பச்சையாக இருந்தது. காய்ந்த கடற்பாசி விற்கும் யசுயோ கடையைத் திறந்துவிட்டு எதிரே பார்த்தாள். அங்கே அவளே நடந்து வந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு, மஞ்சள் கோட்டு, வாய் கொள்ளாத சிரிப்பு.

இடிக்கப்போகும் பழைய சினிமாக் கொட்டகையைச் சுற்றித் தகரத் தடுப்பு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வெறும் தகரம் கண்ணை உறுத்தும் என்று, ஷோவா ஐம்பத்தைந்தாம் ஆண்டில், அதாவது 1980இல் எடுத்த தெருப் படம் ஒன்றைப் பெரிதாக்கி, துண்டு துண்டாக எண் போட்ட தகடுகளில் ஒட்டியிருந்தார்கள். ஆட்கள் தகடுகளைச் சுமந்து போகையில் அந்தக் காலத்து மனிதர்கள் தெருவில் மிதந்து போனார்கள். யசுயோ தூக்கத்தில் நடப்பவள்போல அருகே போனாள்.

ஏழாவது தகடு வரை மாட்டியாயிற்று. ஏழில் அவள். நீட்டிய அவள் கை, தகட்டின் ஓரத்தில் மணிக்கட்டோடு நின்றிருந்தது. எட்டில் அந்தக் கையைப் பிடித்திருப்பவன் யாரென்று அவளுக்குத் தெரியாதா? கன்சாகி. இதே கொட்டகையில் படம் ஓட்டியவன். ஒரு குளிர்காலத்தில் நகோயாவுக்குப் போனவன் கடுதாசிகூடப் போடவில்லை.

பத்து மணிக்குப் புருஷன் இசாவோ வந்துவிடுவார். கண்புரை அறுவைக்குப் பிறகு இன்றைக்குத்தான் கட்டுப் பிரிக்கிறார்கள். கல்யாணத்தன்று அவரிடம், "உங்களுக்கு முன்னாடி ஒரு ஆம்பளையையும் நான் ஏறெடுத்துப் பார்த்ததில்ல" என்று அடித்துச் சொன்னவள் அவள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது நாற்பத்து மூன்று வருஷம் தாங்கிவிட்டது.

"தம்பி, எட்டை இப்ப மாட்டாதப்பா."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா." தகடு மாட்டும் ஃபுகுசாகி தலைக்கவசத்தோடு குனிந்தான். தடுப்பு போடுகிறவர்களுக்கு மன்னிப்புக் கேட்பதும் வேலையில் சேர்த்தி. "வரிசை மாறினா மேஸ்திரி என் தோலை உரிச்சிடுவாரு."

"பதினஞ்சை மாட்டு. மத்தியானம் மாத்திக்கோ. என் வீட்டுக்காரர் வர்ற நேரம்ப்பா." அவன் கையில் நாலு மிட்டாயைத் திணித்தாள்.

அவன் மஞ்சள் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அட, நீங்களா!"

பதினைந்தில் இருந்தவர் வழுக்கைத் தலை மீன்காரர். இப்போது யசுயோவின் கை அவருடைய மீனின் வாலைப் பிடித்திருந்தது. "யசுயோ, மாப்பிள்ளை ஜோருதான்!" என்று டோஃபு கடைக்காரி கத்தினாள். தெருவே சிரித்தது.

பத்தடிக்கச் சற்று முன்னால் இசாவோ வந்து நின்றார். கண்ணைச் சுருக்கி, விரித்து, நெடுநேரம் பார்த்தார்.

"எட்டாவது தப்பு," என்றார். "கன்சாகி எங்க?"

யசுயோவுக்கு உயிரே போய்விட்டது. "உங்களுக்கு எப்படி..."

"படம் எடுத்தவனே நான்தானே. கடைத்தெருச் சங்கத்துல குடுத்ததும் நான்தான். தம்பி, எட்டை எடுத்து மாட்டுப்பா."

"பாவி மனுஷா! எல்லாம் தெரிஞ்சுமா இத்தனை வருஷம் வாயைத் திறக்கல? நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கிட்டு எப்படிங்க இருந்தீங்க?" அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போயும் போயும் இதைக் குடுக்கணுமா?"

"வேற எதுலயும் நீ இப்படிச் சிரிக்கலியே."

ஃபுகுசாகி எட்டைத் தூக்கி நிறுத்தினான். கன்சாகியின் கை அவள் கையோடு வந்து பொருந்தியது. பார்க்கப் பிடிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாப் பாரு, அசடே," என்றார் இசாவோ. "அவனையா பார்க்கிற நீ? அப்ப உனக்கு நான் யாரோ ஒருத்தன். கேமராவும் கையுமா உன் முன்னாலயே பின்னுக்கு நடந்தவன், மீன் கழுவின தண்ணியில வழுக்கி வாளிக்குள்ள உட்கார்ந்தேன். விழும்போதுதான் விரல் கேமரா பட்டனை அமுக்கிச்சு. கையை அவன் பிடிச்சிருந்தான், சரி. சிரிச்சது என்னைப் பார்த்துடி."