இருநூற்றுப் பதினேழாவது கையுறை

மூன்று மாதமாக மலைச்சாமி சோதித்த கையுறைத் தொகுதி, அதாவது லாட், ஒன்றுகூடத் தள்ளுபடியாகவில்லை. போதாக்குறைக்கு அலங்காநல்லூரிலிருந்து புது புல்லட்டில் வருகிறான். விளாங்குடியில் உள்ள எங்கள் ரப்பர் கையுறைக் கம்பெனியின் தரச்சோதனைக்கு நான்தான் பொறுப்பு; அவன் எனக்குக் கீழே சோதிப்பவன். உற்பத்திப் பிரிவில் யாரோ அவனை நன்றாகக் 'கவனிக்கிறார்கள்' என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் முறை எளிது. கையுறைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்து, இரண்டு சாய்கோடு போட்ட தாளில் புள்ளி வைப்போம். நூற்றுக்கு ஒன்று ஒழுகத்தான் செய்யும், அது குற்றமில்லை. ஒழுகல் கூடிப் புள்ளி மேல்கோட்டைத் தொட்டால் லாட் தள்ளுபடி. நல்லதாகவே வந்து கீழ்க்கோட்டைத் தொட்டால் தேறியது. எதைத் தொட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சனிக்கிழமை அவன் லீவு. அவன் தேற்றிய லாட் ஒன்றை நானே மறுபடி சோதித்தேன். நாற்பத்திரண்டாவது கையுறையில் புள்ளி கீழ்க்கோட்டைத் தொட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவனாவது, யோக்கியனாவது! இன்னும் பத்து பார்த்தேன். அப்புறம் இன்னும் பத்து. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. இருநூற்றுப் பதினேழாவது கையுறையின் விரல் நுனியில் ஒரு சொட்டு துளிர்த்தது. சந்தோஷமாக அதை மட்டும் தனியே எடுத்துவைத்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் பத்ரியின் மேஜையில் அந்த ஒரு கையுறையை மட்டும் வைத்து, மலைச்சாமி தேற்றிய லாட்டில் கிடைத்தது என்றேன். அவர் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துவைத்துவிட்டு மலைச்சாமியைக் கூப்பிட்டார்.

மலைச்சாமி கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எம்புட்டு பாத்தப்புறம் மேடம் இது கெடச்சுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இருநூத்திப் பதினேழு."

"தேறுனது எங்க?"

"நாப்பத்திரண்டுல."

பத்ரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "தேறினதுக்கப்புறம் எதுக்கு ரூத் மேடம் இன்னும் நூத்தி எழுபத்தஞ்சு கிளவுஸ நனைச்சீங்க?"

அவர் கடிதத்தை டிராயருக்குள் போட்டு மூடினார்.

மலைச்சாமி கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"எனக்கும் ஒரு கோடு போட்டுருங்க மேடம். எம்புட்டு நல்லதா வந்தா என்னைய நம்புவீங்க?"