மூன்றாமவள் இல்லாத பலகை

பெரியப்பாவின் ஓவியம் கிடைத்துவிட்டதாக எட்டாவது தடவை தொலைபேசி வந்தபோது, பெரியம்மா வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி?"

"லாகோஸ் கலைக்கூடத்துக்காரர், அடெவாலே. இந்தத் தடவை ஒனிட்சாவுல இருக்காம்."

"எனக்கு அலுத்துப்போச்சு எபெலே. நான் செத்துட்டேன்னு சொல்லிடு."

"போன தடவையே அப்படிச் சொல்லித்தான் மனுஷன் மலர்வளையத்தோட வந்து நின்னார்."

பெரியம்மா சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டாள். போகத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரியப்பா ஒசோண்டு அந்த ஓவியத்தைப் பெரிய மரப்பலகையில் வரைந்தது அறுபத்தாறில், எங்கள் ஊரான எனுகுவில். ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் மூன்று பெண்கள். அடுத்த வருஷம் உள்நாட்டுப் போர் வந்து ஊரே காலியானபோது, கையில் அகப்பட்ட துணிமணியோடு ஓடினார்கள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பினால் வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே ஓவியமும் இல்லை. மிஞ்சியது பழைய கண்காட்சிப் புத்தகம் ஒன்றில் வந்திருந்த கறுப்புவெள்ளைப் படம் மட்டும்.

பெரியப்பா இறந்த பிறகு அவர் பெயர் பெரிதாயிற்று. அந்தக் கறுப்புவெள்ளைப் படத்தைப் பார்த்துப் போலிகள் வரையத் தொடங்கினார்கள். அசலா என்று சொல்ல ஒவ்வொரு முறையும் பெரியம்மாவைக் கூப்பிடுவார்கள். இபாதானுக்குப் போனோம், லாகோஸுக்கு நாலு முறை, அபுஜாவில் ஒரு ஹோட்டலுக்குக்கூட. உள்ளே போவாள், ஒரு கணம் பார்ப்பாள், "இல்லை" என்பாள், திரும்பிவிடுவாள். எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா அடுத்த மாசம் அதையும் சேர்த்து வரைஞ்சு கொண்டுவருவானுங்க."

ஒனிட்சாவுக்குப் பேருந்தில் போய்ச் சேர இரண்டரை மணி நேரமாயிற்று. பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதியில் எதிர்வரும் வண்டிகூடத் தெரியவில்லை. ஓவியம் இருந்த வீட்டுக்காரன் பெயர் ஒன்யெமா. சந்தைக்குப் பக்கத்தில் பழைய குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன். அடெவாலே எங்களுக்கு முன்பே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்யெமா, வந்தவர்களுக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டைத் தட்டை நீட்டினான்.

"எனக்கு எதுக்குப்பா? கடிக்கப் பல்லு வேணாமா? சீக்கிரம் காட்டு, போகணும்."

அவன் அம்மா போன மாதம் இறந்துபோனாளாம். அவளுடைய துணி அலமாரியை நகர்த்தும்போது பின்பலகை கழன்று விழுந்திருக்கிறது. உட்புறம் முழுக்க வண்ணம். அந்தப் பலகை இப்போது ஜன்னலோரம் சாய்ந்திருந்தது. ஓரமெல்லாம் ஆணி ஓட்டைகள், மேலே மழைத்தண்ணீர் வழிந்த கறை. இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். வலதுபக்கம் யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

பெரியம்மா பார்த்தாள். "இல்லை" வரவில்லை. மெல்ல அருகில் போய், இரண்டாவது பெண்ணின் இடுப்புத் துணியை நகத்தால் சுரண்டினாள். செங்கல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

"எங்க தெரு மண்ணு," என்றாள். "சிவப்பு தீந்துபோச்சு, கடையில இல்ல. மூணு நாள் உக்காந்து என் பழைய துணியில சலிச்சேன். அவரு தச்சர் பசையில குழைச்சாரு. போலி வரைஞ்ச எல்லாப் பயலும் நீலத்துணி கட்டிவிட்டானுங்க."

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோஷமா என்று முகத்தில் தேடினேன். களைப்பு மட்டும்தான் தெரிந்தது.

"மிச்சம் எங்க? யாரு அறுத்தது?" குரல் கடுத்தது.

ஒன்யெமா தரையைப் பார்த்தான். "எங்கம்மாதாம்மா. எனுகுவை விட்டு ஓடி வரும்போது ரோட்டோரம் கிடந்துச்சுன்னு எடுத்திருக்கா. படம்னு பாக்கல, பலகைன்னு எடுத்திருக்கா. காட்டுக்குள்ள ரெண்டு வருஷம் எங்களுக்கு அதுதான் கூரை. அப்புறம் என் தங்கச்சி போயிட்டா, பசியில. ஒன்றரை வயசு. மண்ணுல சும்மா போட அம்மாவுக்கு மனசு வரல. அறுத்துப் பெட்டி செஞ்சா. மிச்சத்தைப் பின்னாடி அலமாரிக்கு அடிச்சுட்டா போல."

பெரியம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

"குழந்தை பேரு என்ன?"

"உலோமா."

"படம் உள்பக்கமா இருந்துச்சா, வெளிப்பக்கமா?"

"தெரியாதும்மா. எனக்கு அப்ப ஆறு வயசு."

"உள்பக்கமாத்தான் வச்சிருப்பா," என்றாள் பெரியம்மா.

அடெவாலே தொண்டையைச் செருமினார். "பழைய போட்டோ இருக்கு. நல்ல ஆளா வச்சு மூணாவது பெண்ணை மறுபடி வரைஞ்சு சேர்த்துடலாம். பார்த்தா தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் பெரியம்மா. "ஒரு காகிதம் குடு. இது என் புருஷன் வரைஞ்சதுதான்னு எழுதித் தரேன். எதையும் ஒட்டக்கூடாது, ஆணி ஓட்டையை அடைக்கக்கூடாதுன்னும் எழுதுவேன். சம்மதம்னா கையெழுத்து, இல்லன்னா வீட்டுக்குப் போறேன்."

அவர் பேனாவைக் கொடுத்தார்.

"நீங்களே எடுத்துட்டுப் போங்கம்மா, உங்களோடது," என்றான் ஒன்யெமா.

"என் வீட்டுச் சுவருல தண்ணி ஒழுகுது. எனுகுவுலயே நாலு பேரு பாக்குற இடமாப் பாத்துக் குடுத்துடலாம். அவரு பேருக்குக் கீழ உங்கம்மா பேரும் இருக்கணும். காப்பாத்தினது அவதானே."

வரும் வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நடுவில் ராணுவச் சோதனைக்கு வண்டி நின்றபோதுகூட விழிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து எனுகு அருங்காட்சியகத்தில் பலகையை வைத்துத் திறப்புவிழா நடந்தது. பெரியம்மா வர மறுத்துவிட்டாள். ஒன்யெமா குடும்பத்தோடு வந்து, பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றான். வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன்.

"கூட்டமா?" என்று கேட்டாள்.

"நல்ல கூட்டம்."

"உக்கார நாற்காலி போட்டிருந்தானுங்களா?"

"இல்ல பெரியம்மா. எல்லாரும் நின்னுட்டுத்தான் இருந்தோம்."

"அப்ப வராததே நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.