பன்னிரண்டு மணிக்குள் பத்து மைக்ரோகிராம்

ஜெபசெல்வியின் முழங்கைத் தோலிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த செல்கள் ஆறாம் நாளை எட்டிவிட்டன. பகல் பன்னிரண்டு மணிக்குள், என்னவாக வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லியாக வேண்டும். தவறினால் அவை ஜெபசெல்வியாகிவிடும். ஆய்வகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

போன மாதம் இங்கே வேலை பார்த்த தணிகைவேலுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருடைய கைத்தோலிலிருந்து வளர்த்த செல்களுக்கு அதைச் சொல்லும் புரதத்தை ஊற்ற ஒரு மணி நேரம் தாமதம். அதற்குள் தட்டிலிருந்து இன்னொரு தணிகைவேல் எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, வருகைப்பதிவு இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டார். இயந்திரம் அவரைத்தான் ஏற்றுக்கொண்டது. மாலையில் மனைவியும் அவரோடுதான் பைக்கில் போனார். பழைய தணிகைவேல் இப்போது பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பாவம், நல்ல மனுஷர்.

ஜெபசெல்விக்கு நாலு வயதில் ஒரு மகள். எஸ்தர். இளைப்பு உள்ள பிள்ளை. அவளை இன்னொருத்தி தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள் என்று நினைத்ததும் ஜெபசெல்வி எழுந்து கீழே போனாள்.

புரதம் கீழ்த்தளத்து ஸ்டோரில் இருந்தது. கருவில் ஒவ்வொரு செல்லிடமும் போய், நீ மூளை, நீ முதுகெலும்பு என்று சொல்கிற மனிதப் புரதம். அதை எங்கோ பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்து, உறையவைத்து உலர்த்தி, குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். குப்பிக்குப் பத்து மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாது. மனுஷனை மனுஷனாக்குகிற சமாச்சாரம் அவ்வளவுதான், போங்கள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டம் படிவத்தை நகர்த்தினார்.

“பேரு?”

“ஜெபசெல்வி. ஒங்களுக்குத் தெரியும்லாண்ணே.”

“எந்த ஜெபசெல்வி?”

“ஒருத்திதான் இருக்கேன்.”

“எதுவரைக்கும்?”

“பன்னெண்டு மணி வரைக்கும்.”

“அதைக் கையெழுத்துக்குப் பக்கத்துல எழுதுங்க.”

எழுதினாள். மணி பதினொன்றே முக்கால்.

“சாட்சி வேணும்மா.”

“எதுக்குண்ணே?”

“நீங்க பொறந்ததுக்கு.”

ஜெபசெல்வி தூத்துக்குடிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் அம்மா எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். “ஆமா, பெத்தேன். உலை கொதிக்கி, வைக்கேன்” என்று வைத்துவிட்டாள். கோதண்டம் அதை அப்படியே படிவத்தில் எழுதி, உலை கொதித்ததையும் எழுதி, முத்திரை குத்தி, குப்பியைக் கொடுத்தார்.

வரும்போது நாற்பது அடி இருந்த நடைவழி, திரும்பும்போது நீண்டிருந்தது. உச்சிவேளையில் அது நீள்வது வழக்கம். குப்பியைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினாள். புதிதாக நீண்ட பகுதிக்கு ஒருவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

“ஈரம்மா. ஒட்டிக்கும். தள்ளிப் போங்க.”

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“அடிச்சு முடிச்சாத்தான் தெரியும்.”

ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள். ஆய்வகக் கதவைத் தள்ளியபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தட்டில் ஏற்கெனவே ஒரு காது தெரிந்தது. அவளுடைய காதுதான். கம்மல் போட்ட துளைகூட இருந்தது.

குப்பியைத் திருகித் திறந்தாள். பழக்கதோஷத்தில் மூடியைப் பக்கத்திலிருந்த, கழிவு போடுகிற ப்ளீச் குவளைக்குள் போட்டாள். குப்பிக்குள் கரைசலை விட்டாள். உறிஞ்சித் தட்டில் ஊற்றினாள். காது அப்படியே இருந்தது. பக்கத்தில் மூக்கு முளைத்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ‘சுற்றாமல் திறக்காதே’ என்று ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்துதான். குப்பி குலுங்கினால் தூள் மேலே போய் மூடியில் ஒட்டிக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழல் இயந்திரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால்தான் அடியில் இறங்கும். நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. பதினோரு வருஷ அனுபவக்காரி செய்துவிட்டாள். இத்தனை தூரம் குலுங்கக் குலுங்க ஓடி வந்ததும் அவள்தான். அவள் ஊற்றியது வெறும் கரைசல். புரதம் முழுக்க மூடியோடு ப்ளீச்சில் நுரைத்துக்கொண்டிருந்தது.

மணி பன்னிரண்டு ஆயிற்று.

தட்டிலிருந்து மற்றவள் இறங்கி நின்றாள். உயரம் சரியாக இருந்தது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

“வெள்ளைக் கோட்டைக் கழட்டித் தாங்கக்கா. குளிருது.”

ஜெபசெல்வி கொடுத்தாள். மற்றவள் இடது கையால் பட்டன் போட்டாள். ஜெபசெல்வியும் அப்படித்தான் போடுவாள்.

“வீட்டுச் சாவி?”

“டிராயர்ல.”

“பாப்பாவுக்கு மருந்து எத்தனை மணிக்கு?”

முழங்கைத் தோலிலிருந்து வந்தவளுக்கு அது தெரியாது. தெரியவே தெரியாது. சொல்லாமல் விட்டால் சாயங்காலமே பிள்ளைக்கு இளைப்பு வரும். இவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெற்றவள் எங்கே என்று தேடி வருவார்கள். ஜெபசெல்விக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மற்றவள் பொறுமையாக நின்றாள். ஜெபசெல்வி டிராயரைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

“நாலரைக்கு” என்றாள். “மாத்திரையப் பொடிச்சுத் தேன்ல கொழைச்சுக் குடு. இல்லன்னா துப்பிருவா. முழுங்குற வரைக்கும் முதுகைத் தடவிக்கிட்டே இரு.”

“எப்படித் தடவணும்?”

“மேலருந்து கீழ. மெதுவா.”

மற்றவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஜெபசெல்வி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, நாலரை என்றுதான் எழுதியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.