இருபது நிமிடக் காற்று

என் மனைவி பகல் இரண்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு வார விடுமுறை. கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, மகளின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தாள். கையிலிருந்த வெள்ளைத் தலைக்கவசத்தை வழக்கம்போல அலமாரிக்கு மேல் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, ஒரு துணிப்பையை எடுத்து அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"சாப்பிட என்ன இருக்கு?"

இருந்ததைச் சூடுபண்ணி வைத்தேன். பாதித் தட்டு காலியான பிறகுதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு இதத் திருப்பிக் குடுத்துடணும். மறுபடியும் மஞ்சள்தான்."

துறைமுகத்தில் வெள்ளைத் தலைக்கவசம் மேற்பார்வையாளர்களுக்கு, மஞ்சள் மற்ற எல்லோருக்கும். அவள் பதினான்கு வருடம் மஞ்சள் போட்டவள். கரையோரம் நிற்கும் ராட்சதக் கிரேன்களில் ஒன்றை ஓட்டினாள். பன்னிரண்டு மாடி உயரத்தில், தரையே கண்ணாடியாலான ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி, கப்பலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைப்பதுதான் வேலை. நூல் பிடித்தாற்போல வைப்பாள் என்பதால் அவளுக்கு அங்கே நூலக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் நூலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். முதல் முறை அனுபவம் போதாது என்று சொல்லி, அவளுக்கு மூன்று வருடம் கழித்துச் சேர்ந்தவருக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை மேலாளரே கூப்பிட்டு, "உங்களக் கீழ எறக்கிட்டா அந்த எடத்துக்கு ஆளுக்கு எங்கம்மா போவேன்?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா வேல செஞ்சா அங்கயே வெச்சு ஆணி அடிச்சுருவாங்க போல!" மூன்றாவது முறை கிடைத்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அவளுக்குப் பதவி வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, காதோரம் சரிசெய்யும்போது, "எங்க வீட்ல துறைமுகத்துல சூப்பர்வைசர்" என்று எப்படியாவது பேச்சில் நுழைத்துவிடுவேன். அந்த நேரத்தில் அவர்களால் எழுந்து ஓட முடியாது, பாவம்.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதுதான் எனக்கு ஆச்சரியம். எந்தப் பெட்டியை முதலில் இறக்கினால் லாரிகள் காத்துக் கிடக்காது, யாருக்கு முழங்கால் வலி, யாரை ஏணி ஏற விடக்கூடாது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். "மேலேர்ந்து பாக்கறப்ப பெட்டி மட்டுந்தான் தெரிஞ்சுது. இப்பதாங்க ஆளுங்க தெரியறாங்க" என்று ஒருநாள் சொன்னாள். இப்படி ஏழு மாதம்.

அவள் பகலிலேயே திரும்பிவந்த அந்த நாளுக்கு முந்தின வாரம் ஒரு பெரிய கப்பல் வந்திருந்தது. நாலு மணிக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும்; நேரம் தப்பினால் கடல்மட்டம் இறங்கிவிடும், அது மறுபடி ஏறும்வரை கப்பல் நகர முடியாது. மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. காற்றின் வேகம் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கிரேன்களை நிறுத்தியே ஆகவேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே என்றால் மேற்பார்வையாளர் பார்த்து முடிவு செய்யலாம். காற்றளக்கும் கருவி ஐம்பத்தெட்டு காட்டியது, அறுபத்து நான்கு காட்டியது, திரும்ப இறங்கியது. இவள் கருவியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது கிரேனில் தொங்கிய பெட்டி மெதுவாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கப்பலில் அடுக்கியிருந்த பெட்டிகளின் உச்சியில் மூன்று பேர் நின்று, பெட்டிகளைப் பிணைத்திருக்கும் பூட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஒரு கம்பியைப் பிடித்தபடி குந்தியிருந்தார். இவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். "எல்லாக் கிரேனும் நிறுத்துங்க. மேல இருக்கறவங்க எறங்குங்க."

இருபது நிமிடம் எல்லாம் நின்றது. அந்த இருபது நிமிடத்தில் காற்று ஒருமுறைகூட அறுபத்து நான்கைத் தாண்டவில்லை. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி அடங்கிப்போனது. கப்பல் நேரத்தைத் தவறவிட்டு அரை நாள் கிடந்தது. கப்பல்காரர்கள் புகார் எழுதினார்கள்.

"ஒண்ணும் நடக்கல. அதான் நான் செஞ்ச குத்தம்" என்றாள் என் மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டு.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவசரப்பட்டுத் தவறாக முடிவெடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், கப்பல்காரர்களுக்கு அனுப்பிவிட்டு ஃபைலை மூடிவிடுவார். பதவி அவளிடமே இருக்கும். நாளைக் காலைவரை நேரம்.

எனக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானே? ஒரு வரி. எழுதிக் குடுத்துட்டுப் போயேன். அத யாரு எடுத்துப் படிக்கப் போறா?"

"அடுத்த தடவ காத்தடிக்கறப்ப நான் படிப்பேன்."

"புரியல."

"தப்புன்னு என் கையால எழுதிட்டா, அப்புறம் எழுபதுலகூட நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. அந்த மாதிரி ஒரு ஆளு அந்த எடத்துல நிக்கக்கூடாது."

நான் விடவில்லை. பதினான்கு வருடத்தைச் சொன்னேன், இரண்டு முறை மூக்குடைபட்டதைச் சொன்னேன். கடைசியில் நாக்கில் சனி புகுந்த மாதிரி, "கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இனி நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பள்ளியிலிருந்து வந்த மகள் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "என்னப்பா சொன்னீங்க?" என்றாள்.

மறுநாள் வெள்ளையைக் கொடுத்துவிட்டு மஞ்சளை வாங்கிக்கொண்டாள். அவள் இடத்துக்கு வந்தவர் எட்டு வருடம் இளையவர். எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் காலையில் அந்த மனிதர் ஏணியடியில் வந்து நின்று, என்ன பேசுவது, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்திருக்கிறார். இவளே, "இன்னிக்கு எந்தக் கிரேன் சார்?" என்று கேட்டிருக்கிறாள். "பாவங்க, அவர் மொகத்தப் பாக்க முடியல" என்றாள் என்னிடம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தன் நோட்டை அவரிடமே கொடுத்திருக்கிறாள். முழங்கால்வலிக்காரர்களின் பெயர்கள் எட்டாவது பக்கத்தில் இருப்பதாகவும், அதை மட்டும் மறக்காமல் பார்க்கும்படியும் சொன்னாளாம். நானாக இருந்தால் அந்த நோட்டைக் கடலில் எறிந்திருப்பேன்.

மூன்று மாதம் போயிருக்கும். கடையில் நான் வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒருநாள் வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்ற ஒருவர் வந்தார். கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது, இதுதான் முதல் கண்ணாடி என்றார். வேலைக்கு ஏற்ற மாதிரி சட்டகம் காட்டவேண்டுமே என்பதற்காக என்ன வேலை என்று கேட்டேன்.

"துறைமுகத்துல, கப்பல் மேல ஏறிப் பெட்டிப் பூட்டு கழட்டற வேல சார்."

கொஞ்சம் தயங்கினேன். "எங்க வீட்லயும் அங்கதான். கிரேன் ஓட்றாங்க."

"பொம்பளையா? நூலக்காவா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு காதில் மாட்டியிருந்த கண்ணாடி கன்னத்தில் தொங்கியது. "அவங்க வீட்டுக்காரரா நீங்க? அன்னிக்கு மேல கம்பியப் புடிச்சுக் குந்தியிருந்தது நாந்தான் சார்."

கேட்கக்கூடாததைத்தான் கேட்டேன். "அவங்க நிறுத்தலன்னா விழுந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "தெரியாது சார். விழுந்திருக்க மாட்டேன்னே வெச்சுக்குங்க. ஆனா காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. எறங்கறேன்னு நாங்களா சொல்ல முடியாது. சொன்னா மறுநா கூப்பிட மாட்டாங்க. எங்களால சொல்ல முடியாதத அவங்க சொன்னாங்க." பிறகு உட்கார்ந்து, கன்னத்தில் தொங்கியதைத் தானே சரியாக மாட்டிக்கொண்டார். "இப்பவும் காலைல வந்ததும் எங்க ஆளுங்க மொதல்ல கேக்கறது, நூலக்கா எந்தக் கிரேன்லன்னுதான்."

அன்று அவருடைய கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். கடை முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சாயங்காலம் அவளிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கடையில் என்ன சொல்வது என்று அன்றைக்குக் கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "ஒசரமா இருப்பாரே, அவரா? இத்தன நாளா கண்ணு தெரியாமயா அவ்வளவு ஒசரத்துல ஏறிட்டிருந்தாரு?" என்று பதறினாள். பிறகு பையிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதே துறைமுகத்தில், பக்கத்துக் கப்பல் தளத்தில் மேற்பார்வையாளர் பதவி காலியாகிறதாம்.

"மறுபடியும் போடப் போறியா?"

"போடாம? எனக்கு அந்த வேல புடிச்சிருந்துது."

இதற்கு முன் பதவியிறக்கம் பெற்றிருந்தால் காரணம் எழுதவும் என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் எழுத எழுத எட்டிப் பார்த்தேன். நாள், நேரம், காற்றின் வேகம், மேலே நின்றவர்கள் எத்தனை பேர், எல்லாம் உள்ளது உள்ளபடி.

"இதப் படிச்சா எடுத்த எடுப்புலயே ஒதுக்கிருவாங்களே?"

"ஒதுக்கட்டும். அப்பவும் மேல ஏறி ஓட்டத்தான் போறேன். அதுவும் என் வேலதானே."

முடிவு இன்னும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பகல் வேலை. மகளைக் கூட்டிக்கொண்டு துறைமுகச் சுவரை ஒட்டிய நடைபாலத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஆறு கிரேன்கள் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்களின் அறைகள் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தன. எதில் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மகள் கைப்பிடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டியும் லாரியில் இறங்கும்போது டமார் என்று ஒரு சத்தம்; பாலம்வரை அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து, நாலாவது கிரேனைக் காட்டினாள். "அங்க மட்டும் சத்தமே வரலப்பா."

நாலாவது கிரேனிலிருந்து ஒரு பச்சைப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. லாரிக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. லேசாக இருந்த ஆட்டம் அடங்கும்வரை அப்படியே நின்றது. பிறகு உட்கார்ந்தது. பெட்டியைக் கவ்வியிருந்த இரும்புச் சட்டம் விலகி மேலே போன பிறகும் லாரி கிளம்பவில்லை. ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பெட்டியை வைத்தாகிவிட்டதா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.