புகையில் வந்த பாதிச் சொல்

எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதெல்லாம் இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயிலைத் தடுக்கிற வால்வு சீல் நன்றாக இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். சீல் தேய்ந்துவிட்டால் ஆயில் கசிந்து எரியும், காலையில் முதல் உதைக்கு நீலமாய்ப் புகை வரும், புகை பேசும். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இதற்காக யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. எதிர்வீட்டு வாத்தியாரின் வண்டி போன மழைக்காலத்தில் அவர் மாமியாரைப் பற்றி ஒரு வாரம் பேசியது. கடைசியில் மாமியாரே சீல் மாற்றச் சொல்லிவிட்டார்.

எங்கள் வண்டி பேசத் தொடங்கியபோது எனக்கு அது உதவியாகவே இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்காரர் தளவாய் என்னோடு பேசுவதில்லை. என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு நானே கிண்டி எடுத்துப்போன மைசூர்பாக்கை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தட்டில் தட்டிப் பார்த்து, "இத வச்சு செவுரே கட்டலாம்" என்றார். சபையே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்கிட்ட பேசாதீங்க" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையாவது கேட்டிருப்பாரா? இதை மட்டும் கேட்டார்.

கோபம் எனக்குச் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் நானே வலியப் போய்ப் பேசுவதா? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. சாப்பாடு வைப்பேன், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். பேச்சில்லாத வீட்டில் மிக்சி சத்தம்கூட ஆறுதலாக இருக்கும். அதனால் காலையில் அவர் வண்டியை உதைக்கும்போது, கோலத்தைத் திருத்துகிற சாக்கில் வாசலில் நிற்பேன். "டயர்ல காத்து கம்மி" என்று புகை சொல்லும். "அந்த மேனேஜர் ஒரு கிறுக்கன்" என்று சொல்லும். அவர் குரலேதான். நான் மனசுக்குள் 'உம்' கொட்டிக்கொள்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை புகை "போறேன்" என்றது.

எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். தெருமுனைக் கடைக்குப் போனாலும் "வர்றேன்"தான், கப்பல் ஏறினாலும் "போயிட்டு வர்றேன்"தான். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாசல்ல நின்னுகிட்டுச் சொல்ற சொல்லா இது?" என்றாள். மறுநாளும் "போறேன்". அதற்கு மறுநாளும் அதுவேதான். ஹெல்மெட் மாட்டியிருந்ததால் அவர் காதில் எதுவும் விழவில்லை. மனுஷன் என்னை விட்டுப் போகப் பார்க்கிறாரா? பீரோவைத் திறந்து அவர் சட்டைகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. இருந்தும் பயம் போகவில்லை.

சனிக்கிழமை புகை வேறு சொன்னது: "ஆயில் குடிக்குது. ஜெபமணிகிட்ட விடணும்." அவர் சாவியை டிவி மேல் வைத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டார்.

சீல் மாற்றினால் புகை நின்றுவிடும். 'போறேன்' என்றால் எங்கே, எப்போது என்று அப்புறம் யாரைக் கேட்பது? மாற்றாவிட்டால் ஆயில் வற்றி இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அவர் சொல்லிவைத்ததெல்லாம் உள்ளேயே கருகிவிடும். யோசித்துப் பார்த்துவிட்டு வண்டியை நானே உருட்டிக்கொண்டு தெருமுனையில் இருந்த ஜெபமணியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"இன்ஜின் ஹெட்டை எறக்கணும்க்கா. இருந்து பாத்துட்டே போங்க" என்றான்.

ஹெட்டைக் கழற்றி, வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி, அரிசி மாதிரி இருந்த லாக்குகளை எடுத்து, ஒரு சீலை உருவினான். சட்டைப் பொத்தான் அளவு ரப்பர். காய்ந்து விறைத்திருந்தது.

"வெளிய விடுற பக்கத்து சீல்தான்க்கா போயிருக்கு. உள்ள இழுக்குற பக்கம் கெட்டியா இருக்கு. அண்ணாச்சி பேச்சுல பாதிதான் வெளிய வந்திருக்கும்."

"மிச்சம்?"

"இங்கனதான் இருக்கும்."

குறடால் பிடித்து மற்றதையும் உருவினான். கொஞ்சூண்டு புகை எழுந்தது. "இன்னைக்காவது அவகிட்ட பேசப்" என்று சொல்லிவிட்டு நின்றது. அந்த 'ப்' மட்டும் உதட்டை மூடிக்கொண்டு, எதற்கோ காத்துக்கொண்டு, அங்கேயே தொங்கியது.

"போறேன்" என்று நான் முடித்துவைத்தேன். புகை கலைந்தது.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அட மக்கு மனுஷா! இதைத்தானா ஆயிலில் ஊறப்போட்டாய்? ஜெபமணி திரும்பி நின்று ஸ்பேனரைத் தேடினான். பிறகு, "தினம் சொல்லியிருக்காக போல. அடிவரைக்கும் இதேதான் படிஞ்சிருக்கு" என்று துணியால் துடைத்தான்.

புதுச் சீல்களில் ஆயில் தடவி, அமுக்கி உட்காரவைத்து, எல்லாவற்றையும் மாட்டி உதைத்தான். புகை இல்லை. சத்தமும் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றியது.

"சத்தத்தைக் காணோமே?"

"வீட்ல இருக்கும்க்கா. அண்ணாச்சி பேச்சு இம்புட்டு நாள் இங்க இருந்துச்சுல்ல, அதுக்குப் பதிலா இது அண்ணாச்சிகிட்ட."

நியாயம்தான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பேச்சைப் பூட்டினது நான். அவர் வெளியே நின்று தினமும் கதவைத் தட்டியிருக்கிறார். சாவி என் இடுப்பில் இருக்கும்போது அவர் என்ன செய்வார் பாவம்!

சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். தோசையை வைத்துவிட்டு, "இனிமே பேசுங்க" என்றேன்.

நான் சொன்ன இரண்டாவது பேச்சையும் கேட்டார். வாயைத் திறந்தார். வண்டிச் சத்தம் டுபுடுபுவென்று ஓடத் தொடங்கியது. ரொம்ப நாள் சும்மா கிடந்தது, சூடாகட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் சீரானது.

"அன்னைக்கு மைசூர்பாக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவர் மூக்கிலிருந்து நூல் போல நீலப் புகை வந்தது. "செங்கல்லு" என்றது, மெதுவாக.

முந்தானையால் விசிறிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, இன்னொரு தோசை வைக்கவா என்று கேட்டேன்.