காலி நாற்காலியின் கைத்தட்டல்

…அதுவும் இடது பக்கம், முழங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கேப்டன் ரென்விக்… இல்லை, ஜெனீவா தோர்ப், நடிகை, வயது அறுபத்து மூன்று, இந்தத் தொலைக்காட்சி விருதுக்குப் பெயர் பரிந்துரையாகியிருப்பது இதுதான் முதல் முறை, மண்டைக்குள்ளாவது ஒழுங்காகப் பேசு ரூஃபஸ், கேப்டன் ரென்விக் என்று ஒருவர் கிடையாது, அவர் விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டியதும் கிடையாது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு படப்பிடிப்புக் கொட்டகையில் அட்டைச் சுவருக்கு முன்னால் நின்று பொத்தான்களை அமுக்கினார், அந்தப் பொத்தான்கள் எதனுடனும் இணைக்கப்படவில்லை, இதெல்லாம் உனக்குத் தெரியும், நீ கல்லூரிப் பத்திரிகையில் கிண்டல் எழுதுகிறவன், எதைக் கண்டும் அசராதவன் என்று பெயர் எடுத்தவன், ஆனால் இதை நெஞ்சிடம் போய் யார் சொல்வது, அது வாடகைக் கோட்டுக்குள் கிடந்து அடிக்கிற அடியில் சட்டையின் முதல் பொத்தான் தெறித்து முன்வரிசை தயாரிப்பாளரின் வழுக்கையில் பட்டால் நான் பொறுப்பில்லை.

நான் இங்கே வந்தது விருந்தாளியாக அல்ல, நாற்காலி நிரப்பியாக. நட்சத்திரம் கழிப்பறைக்குப் போனால், போன் பேசப் போனால், மேடைக்குப் பின்னால் போனால், அந்த இடம் தொலைக்காட்சியில் சொத்தைப் பல் மாதிரி தெரியும், அதை அடைக்க என்னைப் போன்றவர்கள் சுவரோரமாக வரிசையில் நிற்போம், கோட்டும் சூட்டுமாக, பசியோடு, கிழக்குக் கரையில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டோடு பார்க்க வேண்டும் என்பதற்காக இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் மொட்டை வெயிலில் மாலை உடுப்பு மாட்டிக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டிய என் அக்கா ட்ரூடி விரலை நீட்டினால் ஓடிப் போய் உட்கார வேண்டும், உடையவர் வந்தால் காற்று எழுந்து போவது மாதிரி எழுந்து போக வேண்டும், யார் ஜெயித்தாலும் கைதட்ட வேண்டும், கையெழுத்து கேட்கக் கூடாது, அவர்களாகப் பேசினாலொழிய வாயைத் திறக்கக் கூடாது, போன வருஷம் எவனோ ஒருவன் ஒரு நடிகையிடம் தான் எழுதிய திரைக்கதையைச் சொல்ல ஆரம்பித்து, அவனைச் சேர்த்துவிட்ட பெண்ணுக்கு வேலை போயிற்று. ட்ரூடி காலையிலேயே சொல்லிவிட்டாள், “டேய், உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசினேன்னு வையி, நாளைலேருந்து என் வாடகைய நீதான் கட்டணும், சமையலும் நீதான்.” நான் சொன்னேன், “பேச மாட்டேன்க்கா, நான் மரக்கட்டை.” அவள் சொன்னாள், “மரக்கட்டை பாட்டுக்குச் சும்மா கிடக்கும்டா, உன்னோட சேத்துப் பேசினா அதுக்குக் கோவம் வரும்.”

ஆனால் என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறதே, பத்து வருஷமாக இருக்கிறதே, பதினொரு வயதில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்த அந்தக் கோடையில் பழைய தொடர்களை வரிசையாக ஒளிபரப்பினார்கள், அதில் வந்த கதாநாயகிகள் எல்லோரும் ஓடும்போது விழுந்தார்கள், காட்டில் விழுந்தார்கள், சமதரையில் விழுந்தார்கள், கம்பளத்தில்கூட ஒருத்தி விழுந்தாள், விழாதவர்கள் கையில் மெழுகுவர்த்தியோடு நிலவறைக்கு இறங்கிப் போனார்கள், கீழே சத்தம் கேட்கிறது, மேலே வாசல் திறந்திருக்கிறது, இருந்தாலும் கீழேதான் போவேன் என்று, பேய்க்கே அலுத்துப் போயிருக்கும், தூங்கி எழுந்தாலும் உதட்டுச் சாயம் கலையாது, பூகம்பத்துக்கும் முடி கலையாது, இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் கேப்டன் ரென்விக் வந்தார், வியர்த்தார், சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டே கப்பலைத் திருப்பினார், ஓடினார்… விழவில்லை! நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், கட்டுப் போட்ட காலோடு. கடைசிக் காட்சியில் இருந்த ஒரே மீட்புப் படகில் தன் ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், முதலில் கண், அப்புறம் சற்றுத் தாமதமாக உதட்டின் இடது ஓரம்… தைரியம் என்றால் இதுதான் என்று முடிவு செய்தேன். பல் பிடுங்கப் போனால் அந்தச் சிரிப்பு, கணக்கில் தோற்றால் அந்தச் சிரிப்பு, கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன், அப்பா வீட்டை விட்டுப் போனபோதும் வாசலில் நின்று அதைத்தான் சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வயிற்று வலியா என்று கேட்டார். அதுதான் வாக்கியம்: உங்கள் சிரிப்பைத்தான் மேடம் நான் இத்தனை வருஷமாக உபயோகித்துக்கொண்டிருக்கிறேன். நீளம் ஒன்றுமில்லை, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் ட்ரூடி, வாடகை, சமையல்…

“நீ லயனல் இல்லையே,” என்கிறார்! அவராகவே! என்னிடம்! லயனல் அவருடைய முகவர், போன இடைவேளையில் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர், அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன், கதவை இப்போது சாத்திவிட்டார்கள், நேரலை ஓடும்போது கடவுளே வந்தாலும் அடுத்த விளம்பரம் வரை வராந்தாவில்தான் நிற்க வேண்டும், இப்போது நான் பதில் சொல்லலாம், சட்டப்படி சொல்லலாம், “நான் காலி நாற்காலி, மேடம்,” என்கிறேன், ஏன் அப்படிச் சொன்னேன், மனுஷன் பேசுகிற பேச்சா இது, ஆனால் அவர் சிரிக்கிறார், மூக்கால், கேப்டன் ஒருநாளும் மூக்கால் சிரித்ததில்லை. “காலி நாற்காலிக்குப் பேரு உண்டா தம்பி?” “ரூஃபஸ்.” “ரூஃபஸ், அடுத்தது என்னோட பிரிவுதான். நான் தோத்தேன்னா மூஞ்சிய எப்படி வச்சுக்கணும்? வீட்ல கண்ணாடியப் பாத்துப் பாத்து செஞ்சேன், புளிச்ச பால் குடிச்ச பூனை மாதிரி இருக்கு.” ஆளைப் பார்த்துத்தான் கேட்கிறாரா, ஒவ்வொரு வருஷமும் எங்கள் பத்திரிகையில் தோற்றவர்களின் முகங்களுக்கு மதிப்பெண் போடுகிறவன் நான், இந்தத் துறையில் எனக்கு மேல் ஆள் கிடையாது, அவரிடமும் அதைச் சொல்கிறேன், “கண்ணு மொதல்ல சிரிக்கணும் மேடம், வாய் அப்புறம். ரெண்டும் ஒண்ணா சிரிச்சா பொய்னு தெரிஞ்சிடும்.” “பல்லு?” “மேல் பல்லு மட்டும். கீழ் பல்லும் தெரிஞ்சா கடிக்கப் போற மாதிரி இருக்கும்.” “ஜெயிச்சா?” “ஜெயிச்சா மூஞ்சிய யார் பாக்கறா, படியேறும்போது தடுக்குதான்னு காலத்தான் பாப்பாங்க.” அவர் முகம் மாறுகிறது. “கடவுளே,” என்கிறார், “என் செருப்பு.”

வாசலில் சிவப்புக் கம்பளத்தில் நின்று நின்று கால் வீங்கி, உட்கார்ந்ததும் இரண்டையும் கழற்றி விட்டிருக்கிறார், ஒன்று இருக்கிறது, இன்னொன்று முன்வரிசை நாற்காலிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது, மேடையில் அதற்குள் ஒருவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நகைச்சுவை என்று நினைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், குனிந்தால் கேமராவில் என் பின்பக்கம் நாடு முழுவதும் தெரியும், ஆகவே குனியாமல், நேராக உட்கார்ந்து, மரியாதையான புன்னகையோடு, காலை மட்டும் நீட்டித் துழாவுகிறேன், ஏதோ தட்டுப்படுகிறது, இழுக்கிறேன், அது தயாரிப்பாளரின் கால், அவர் திரும்பிப் பார்க்கிறார், நான் மேல் பல்லை மட்டும் காட்டுகிறேன். அவர் திரும்பிக்கொள்கிறார். மறுபடி துழாவு, வலது, இன்னும் வலது, பெரிய திரையில் ஐந்து முகங்கள் வந்துவிட்டன, ஐந்தில் ஒன்று இவர், சிறைச்சாலைச் சமையல்காரியாக மூன்றே காட்சிகள் வந்தார், மூன்றிலும் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு மற்றவர்களின் நடிப்பையெல்லாம் வழித்தெடுத்துக் கழுவிவிட்டார், இவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள், அந்தக் கிளெம் ஆர்டனுக்கா, எல்லா அத்தியாயத்திலும் அழுகிற அந்தப் பெண்ணுக்கா, அவள் கதவு சாத்தினால் அழுவாள், திறந்தாலும் அழுவாள், கொடுக்க மாட்டார்கள், கொடுக்கக் கூடாது, இதோ ஷூ நுனியில் வார் மாட்டிவிட்டது, வருகிறது, செருப்பு வருகிறது, ஜெயித்துவிடுவார், சகுனம் சரியாக இருக்கிறது, மாட்டிக்கொள்ள ஒரு நொடி போதும்… அப்போதுதான் அவருடைய வலது கை என் இடது கையைப் பிடிக்கிறது, புறங்கையோடு சேர்த்து, கிணற்றில் விழுந்தவர் கயிற்றைப் பிடிப்பது மாதிரி, அத்தனை குளிர்ச்சி, நான் திரும்பவில்லை, திரும்பினால் நான் என்ன ஆவேனோ, உறை கிழிகிறது, கிழிகிற சத்தம் இவ்வளவு பெரிதாகவா இருக்கும், ஜெனீவா என்று சொல், ஜெ என்று ஆரம்பி, நாக்கை மேலண்ணத்தில் வை மனுஷா…

கிளெம் ஆர்டன்.

அரங்கம் எழுகிறது, கத்துகிறது, அந்தப் பெண் எதிர்பார்த்தபடியே அழுகிறாள், எங்கள் முன்னால் கேமரா, அதன் தலையில் சிவப்பு விளக்கு, கைதட்ட வேண்டும், இருவருமே தட்ட வேண்டும், அது அவருக்கு நாகரிகம், எனக்கு வேலை, ஆனால் என் கையை அவர் விடவில்லை, விட மறந்தாரா, முடியவில்லையா, ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்களே, வந்தது, அவருடைய இடது கை வீசிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் அறைந்தது, மறுபடி, மறுபடி, பிடித்த கையால் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதன்மேல் தட்டினார், பளார் பளார் என்று, வீட்டில் பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பெருந்தன்மையாகக் கைதட்டுகிறார் இந்தம்மா என்று தோன்றியிருக்கும், அந்தக் கைத்தட்டலில் பாதி என்னுடையது, நான் மனசார வெறுத்துக்கொண்டிருந்தேன், என் கை மட்டும் கிளெம் ஆர்டனை வாழ்த்திக்கொண்டிருந்தது. எரிந்தது. அப்போது திரும்பிப் பார்த்தேன். பார்த்தே ஆக வேண்டியிருந்தது. முதலில் கண். அப்புறம், சற்றுத் தாமதமாக, உதட்டின் இடது ஓரம்.

விளம்பரம் வந்ததும் கதவு திறந்து, கதவோடு லயனலும் வந்தார், மூச்சிரைக்க, “மன்னிச்சுக்கோ ஜெனீ, அந்தக் கதவுக்காரன் ஒரு அடி நகர விடல, என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே, ட்ரூடி சுவரோரத்திலிருந்து எனக்கு விரலை ஆட்டுகிறாள், எழுந்திரு, காற்று மாதிரி, நான் எழுந்தேன், காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்த செருப்பு இப்போது அவருடைய பாதத்துக்கு நேராக இருந்தது, “மேடம், செருப்பு,” என்றேன், பத்து வருஷமாக வைத்திருந்த வாக்கியத்துக்குப் பதிலாக இந்த இரண்டே சொல், அவர் குனிந்து அதைப் பார்த்தார், “இருக்கட்டும் ரூஃபஸ், இனி என்ன அவசரம்,” என்றார், அப்புறம், “எத்தன மார்க்கு?” என்று கேட்டார். “நூத்துக்கு நூறு மேடம்.” “பழைய சரக்குதாம்பா அது,” என்றார் அவர், “எப்பவோ ஒரு விண்வெளித் தொடர நிறுத்தப் போறோம்னு மத்தியானச் சாப்பாட்டப்போ சொன்னாங்க, சாப்ட கையோட போய் கடைசி சீன் நடிச்சேன். அன்னிக்குக் கத்துக்கிட்டது.” லயனல் உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு நடுவில் இனி காற்றுக்கு இடமில்லை.

ட்ரூடி என்னை இழுத்துக்கொண்டு போகிறாள், “பேசினல்ல, பேசினல்ல, பாத்தேன்டா,” என்கிறாள், “அவங்கதான் கேட்டாங்க,” என்கிறேன், “என்னத்தக் கேட்டாங்க?” “மார்க்கு.” “உனக்குப் பைத்தியம்தான்,” என்று சொல்லிப் பன்னிரண்டாம் வரிசையில் ஏதோ ஒரு ஒளிப்பதிவாளரின் இடத்தில் என்னைத் தள்ளுகிறாள், உட்கார்கிறேன், இடது உள்ளங்கை சிவந்து கிடக்கிறது, அவ்வளவு ஓங்கி அறைந்திருக்கிறார், நெஞ்சு இன்னும் அடங்கவில்லை, என் கையை அவர் பிடித்தார், என் கையால் கைதட்டினார், இதை எவனிடம் சொன்னாலும் நம்ப மாட்டான்… ஆனால் அது தொடர் போனது தெரிந்து, சாப்பிட்டுவிட்டு வந்து சிரித்த சிரிப்பா, படகு போன பிறகு அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது கேப்டன் இல்லையா, அப்படியானால் வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து நான் சிரித்தது என்ன, தைரியம் என்றுதானே இவ்வளவு நாள்… விளம்பரம் முடிகிறது, கதவுகள் சாத்துகிறார்கள், மேடையில் யாரோ வருகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், நானும் தட்ட வேண்டும், வலது கையைத் தூக்கிவிட்டேன், இடது கை மடியிலேயே கிடக்கிறது, அதை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க மனசில்லை.