லெட்டிஷாவின் பதில்

சனிக்கிழமை காலை இலக்கிய வகுப்பில் ஒரு வழக்கம். விக்டோரியா காலத்து நாவல் ஒன்றை எடுப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

ஆலை முதலாளியின் மனைவி லெட்டிஷாவாக மேரியன் பேசிவந்தாள். பிப்ரவரியில் இறந்துபோனாள். மே மாதம் அவள் புத்தகத்தோடு, ஹாலிஃபாக்ஸ் நூலகத்து மாடியில், அவள் நாற்காலியில் கணவன் டங்கன் வந்து உட்கார்ந்தான்.

"ஆல்வினும் உங்க மேரியனும் வாதாட ஆரம்பிச்சா எங்க டீ ஆறிப்போயிடும், கண்ணு," என்றாள் வகுப்பில் மூத்தவளான டோரீன். "புருஷன் பொண்டாட்டி தோத்தாங்க." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆல்வின் பஸ் ஓட்டுபவன். அவனுடைய பாத்திரம் ஆலைக் கணக்கர் ஆம்ப்ரோஸ். லெட்டிஷாவை இருபது வருடம் நேசித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தவன்.

வீட்டில் மேரியன் ஆல்வின் பெயரைச் சொன்னதே இல்லை. புத்தக ஓரங்களில் அவள் பென்சில் அந்தப் பெயரைப் பதினோரு இடத்தில் எழுதியிருந்தது. டங்கனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"ஆம்ப்ரோஸ், கேளுங்க," என்றாள் ஆசிரியை ஹெஸ்டர்.

ஆல்வின் மேசையைப் பார்த்தபடி கேட்டான். "ஒரே கேள்விதான். நான் உங்கமேல ஆசை வச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் புத்தகம் மூடியே இருந்தது. கேட்பது லெட்டிஷாவை அல்ல, மேரியனை என்று டங்கனுக்குப் புரிந்தது.

திறந்திருந்த பக்கத்தின் ஓரத்தில் மேரியன் எழுதியிருந்தாள்: "அவளுக்குத் தெரியும். ஆல்வினைப் போலவே ஆம்ப்ரோஸும் வாய் திறக்கமாட்டான். ஆல்வின் நல்ல மனுஷன்."

ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் டங்கனை அவள் சோம்பேறி என்றிருக்கிறாள், செல்லம் என்றிருக்கிறாள். நல்ல மனுஷன் என்றதில்லை.

உள்ளங்கையால் அந்த வரியை மூடினான்.

"தெரியாது. நீங்க ஒருத்தர் இருந்ததையே நான் கவனிக்கல."

"எந்தப் பக்கத்துல இருக்கு, டங்கன்?" என்றாள் ஹெஸ்டர்.

"நான்தானே லெட்டிஷா. எனக்குத் தெரியாதா?"

ஆல்வினின் தோள்கள் தளர்ந்தன. முகம் தெளிந்தது.

"அப்பாடா. தெரிஞ்சு, மனசுக்குள்ள சங்கடப்பட்டிருப்பாங்களோன்னு மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. ரொம்ப நன்றிங்க."

பிஸ்கட் தட்டை டங்கன் பக்கம் நகர்த்தினான்.

இனி இவன் நிம்மதியாகத் தூங்குவான். உண்மையைச் சொன்னால் அந்தத் தூக்கத்தைக் கெடுத்துவிடலாம். ஆனால் கூடவே அந்த 'நல்ல மனுஷன்' என்ற வார்த்தையையும் அவனிடம் கொடுத்தாக வேண்டும்.

டங்கன் அந்த வரியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.